கோடு போட்ட ஜன்னல்

அத்தியாயம் பதினொன்று

கடிதம் ஃப்ரிட்ஜ் கதவில்தான் இருந்தது. ஒளித்து வைத்தால் பயந்தது போலாகிவிடும் என்று ட்யூட்டி அக்காவே காந்தம் வைத்து ஒட்டியது. பஸ் டிப்போவில் யாருக்கு எந்த வண்டி என்று ட்யூட்டி போடுகிறவள் என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். தண்ணீர் எடுக்க வருகிறவர்கள் எல்லாரும் அதை ஒரு தடவை படித்துவிட்டுத்தான் கதவைத் திறக்க வேண்டும்.

‘இன்று மாலை ஐந்து மணிக்குள் நாளைய பணி அட்டவணையைப் பிறர் உதவியின்றி, பிழையில்லாமல் முடித்துக் காட்ட வேண்டும். கண்பார்வைக்குத் தேவையான எந்தச் சாதனத்தையும் பயன்படுத்திக்கொள்ளலாம். தவறினால் நாளை முதல் தொலைந்த பொருள் அறைக்கு மாற்றப்படுவீர்கள்.’

கீழே மேனேஜரின் கையெழுத்து.

தொலைந்த பொருள் அறை பஸ் டிப்போவின் பின்பக்கம், டயர் கிடங்குக்கு அடுத்து இருந்தது. பயணிகள் பஸ்ஸில் விட்டுப்போன குடைகள், ஒற்றைச் செருப்புகள், மூடியில்லாத தண்ணீர் பாட்டில்கள் அங்கே குவிந்து கிடக்கும். ஜன்னலைத் திறந்தால் எதிரே சுவர். அங்கே போனவர்கள் யாரும் திரும்பி வந்ததில்லை, குடைகளையும் சேர்த்து.

போன வாரச் செவ்வாய்க்கிழமை நடந்தது நினைவிருக்கும். நாலு ஐம்பதுக்குக் கிளம்ப வேண்டிய முதல் வண்டிக்கு ஓட்டுநரே இல்லை. ஐந்தேகால் வண்டிக்கோ இரண்டு ஓட்டுநர்கள் வந்து சாவிக்குச் சண்டை போட்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிற நர்சுகள் இருட்டில் முக்கால் மணி நேரம் நின்றார்கள். அட்டவணை போட்டது ட்யூட்டி அக்கா. பதினாறு வருடத்தில் முதல் தப்பு. ஆனால் தப்பு தப்புதான். அவளே அதை மறுக்கவில்லை.

கண் டாக்டர் சொன்னதுதான் யாருக்கும் புரியவில்லை. அவள் சுவரில் தொங்கிய எழுத்து அட்டையைக் கடைசி வரி வரைக்கும் கடகடவென்று படித்தாள். “அப்புறம் என்ன கோளாறு?” என்று கேட்டார் கணவர். டாக்டர் பொறுமையாக விளக்கினார். கூர்மை என்பது ஒன்று, வேறுபாடு அறிவது இன்னொன்று. வெள்ளையில் கறுப்பு இருந்தால் எறும்பு அளவு எழுத்தும் அவளுக்குத் தெரியும். வெள்ளையில் வெளிர் சாம்பல் இருந்தால் யானை அளவு எழுத்தும் கரைந்துவிடும். போதாக்குறைக்குப் பளீர் வெள்ளை, வெயிலில் தகரம் மாதிரி கண்ணைக் குத்தும்.

மூன்று மாதம் முன்பு டிப்போவில் அட்டவணைப் பக்கத்தைப் புதிதாக மாற்றினார்கள். பளீர் வெள்ளை, அதில் வெளிர் சாம்பல்.

“பாலுக்குள்ள கொக்கைத் தேடுற வேலை” என்று அன்றைக்கே சொன்னாள். சிரித்துவிட்டு மறந்துவிட்டார்கள்.

* * *

இப்போது காலை ஆறரை. சாப்பாட்டு மேஜையில் லேப்டாப் திறந்திருந்தது. அட்டவணைப் பக்கம் இணையத்தில் திறப்பது. அதனால் அதைத் திறக்கிற பிரவுசரை மாற்றினால் வழி பிறக்குமா என்று ஐந்து மணியிலிருந்து ஒவ்வொன்றாக இறக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள், செருப்புக்கடையில் ஜோடி ஜோடியாகக் காலை நுழைத்துப் பார்க்கிற மாதிரி.

பிரவுசர் என்பது ஒரு ஜன்னல். வெளியே தெரிகிற காட்சி வேறு, ஜன்னலின் சட்டம் வேறு. அவளுக்குச் சட்டத்திலேயே தகராறு. முதல் பிரவுசரில் சட்டமும் வெள்ளை, பக்கமும் வெள்ளை. எது எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. மெனு என்று மூன்று புள்ளிகள், அதுவும் சாம்பலில். இரண்டாவது முழுக்கக் கறுப்பு. அப்பாடா என்று மூச்சு விட்டாள். பக்கம் திறந்ததும் கறுப்புச் சட்டத்துக்குள் வெள்ளை நெருப்பு எரிந்தது. மூன்றாவது பார்க்கப் பழைய மாதிரி இருந்தது, ஆனால் திறந்தவுடனே செய்தியும் விளம்பரமும் வாசலை அடைத்துக்கொண்டன.

நான்காவது நிஜமாகவே பழசு. சொற்களில் மெனு, கோடு போட்ட பொத்தான்கள், எல்லாம் அவள் கேட்டபடியே. ஆனால் அட்டவணைப் பக்கம் அதில் திறக்கவே இல்லை.

“மோட்டார் பழசு” என்றார் கணவர்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். உலகத்தில் இருக்கிற எல்லாவற்றையும் கேபின், மோட்டார், கயிறு என்று மூன்றாகப் பிரித்துவிடுவார்.

“ஆள் நிக்கிற கேபின் பழசா இருக்கலாம், தப்பில்ல. இழுக்கிற மோட்டார் புதுசா இருக்கணும். இந்தப் பிரவுசருக்கும் உள்ள ஒரு மோட்டார் இருக்கும்ல? பக்கத்தைப் படிச்சு வரைஞ்சு காட்டுறது அதுதானே. இப்ப வர்ற பக்கமெல்லாம் அதுக்குக் கனம் தாங்கல.”

“அப்ப பழைய கேபின், புது மோட்டார். அப்படி ஒண்ணு இருக்குமா?”

“தேடு. யாராவது ஒரு கிறுக்கன் செஞ்சு வெச்சிருப்பான்.”

செய்துதான் வைத்திருந்தார்கள். சம்பளம் வாங்காத நாலைந்து பேர் சேர்ந்து நடத்துகிற சின்னப் பிரவுசர். ஏழு மணிக்கு அது திரையில் விரிந்தபோது ட்யூட்டி அக்கா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள்.

மேலே மங்கலான சாம்பல் பட்டை. அதில் கறுப்பாகச் சொற்கள்: கோப்பு, திருத்து, பார்வை. பொத்தான்களைச் சுற்றி விளிம்பு. அமுக்கினால் உள்ளே போகிற மாதிரி ஒரு நிழல். கீழே ஒரு பட்டை, எதன் மேல் அம்பைக் கொண்டுபோனாலும் அது எங்கே கூட்டிப்போகும் என்று எழுத்தில் சொன்னது.

“பாருங்க! பொத்தான்னா பொத்தான் மாதிரி இருக்கு!”

“அதானே” என்றார் லிஃப்ட்காரர். “பொத்தானுக்கு என்ன வெக்கம்?”

பின்னால் ஒரு சிரிப்புச் சத்தம். மருமகள் கையில் காப்பிக் கப்புடன் நின்றிருந்தாள். திரைகளுக்கு உருவம் வரைவது அவள் தொழில். எந்தப் பொத்தான் எங்கே, எந்த எழுத்து எந்த நிறம் என்று அவளும் அவள் குழுவும் தீர்மானிப்பார்கள். மகன் வேலை விஷயமாக வெளியூர் போன இந்த ஒரு மாதமாக வீட்டில் மூன்று பேர்தான்.

“அத்தை, என்ன இது? நான் ஆறாங்கிளாஸ் படிக்கிறப்ப ஸ்கூல் லேப்ல பாத்தது மாதிரி இருக்கு.”

“உனக்கு ஸ்கூல் ஞாபகம் வருது. எனக்கு மெனு தெரியுது. யாருக்கு லாபம்?”

“இதெல்லாம் எதுக்கு அத்தை? எழுத்தைப் பெரிசு பண்ணிக்கிட்டா போதாதா?”

இதைத்தான் எல்லாரும் சொன்னார்கள். மேனேஜர் சொன்னார், மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் சொன்னார், பக்கத்து வீட்டு டீச்சரும் சொன்னார். எழுத்தைப் பெரிதாக்கினால் வெளிர் சாம்பல் பெரிய வெளிர் சாம்பல் ஆகும், அவ்வளவுதான். அது மட்டுமல்ல. அட்டவணையில் ஒவ்வொரு வண்டிக்கும் ஏழு கட்டங்கள். பெரிதாக்கினால் மூன்றுதான் திரைக்குள் நிற்கும். மீதிக்கு வலப்பக்கம் தள்ள வேண்டும். தள்ளிவிட்டுத் திரும்பி வருவதற்குள் எந்த வரியில் இருந்தோம் என்பது போய்விடும். போன செவ்வாய் அப்படித்தான் ஒரு வரி தள்ளி உட்கார்ந்தது.

“யானையைக் கிட்டப் போய்ப் பாத்தா காலு மட்டும்தான்டி தெரியும். மேல பாகன் இருக்கானா இல்லையான்னு எப்படிச் சொல்றது?”

சொல்லிக்கொண்டே அட்டவணைப் பக்கத்தைத் திறந்தாள். இந்தத் தடவை திறந்தது. ஆனால் சாம்பல் சட்டத்துக்குள் பழையபடி அதே பாலும் அதே கொக்கும்.

பின்னால் காப்பிக் கப் மேஜையில் இறங்குகிற சத்தம் கேட்டது. கொஞ்சம் வேகமாகவே.

“இதுதான் உங்க டிப்போ பேஜா அத்தை?”

“இதேதான். எந்தப் புண்ணியவான் போட்டானோ!”

“நல்லாத்தானே இருக்கு” என்றாள் மருமகள். குரலில் அவசியமில்லாத ஒரு சூடு. “கோடு கோடா இருந்தா நெரிசலாத் தெரியும். இப்ப காத்தோட்டமா இருக்கு.”

“காத்தோட்டம் வேணும்னா ஜன்னலைத் திறப்பாங்க. சுவரையே எடுத்துடுவாங்களா?”

லிஃப்ட்காரர் புரையேறிச் சிரித்தார். மருமகள் சிரிக்கவில்லை.

“சும்மா சொல்லாதீங்க அத்தை. ஒவ்வொரு நிறத்துக்கும் பத்து நாள் உக்காந்து யோசிப்பாங்க. பாக்கறவங்க அவங்கவங்க இஷ்டத்துக்கு மாத்திக்கிட்டா அப்புறம் நாங்க எதுக்கு? நாங்க குடுக்கிற கலரெல்லாம் வெறும் வேண்டுகோள்னு ஆயிடும்!”

ட்யூட்டி அக்கா மெதுவாகத் திரும்பினாள்.

“இப்ப அது என்ன? கட்டளையா?”

மருமகள் பொய் சொல்லத் தெரியாத பெண். அந்த ஒரு குணத்துக்காகவே அவளை ட்யூட்டி அக்காவுக்குப் பிடிக்கும்.

“இல்ல. வந்து... நியாயமாப் பாத்தா வேண்டுகோள்தான்.”

“வெவரமாச் சொல்லு.”

“பக்கம்னு வர்றது வெறும் எழுத்துதான் அத்தை. கூடவே ஒரு குறிப்பு வரும். இதுக்கு இந்த நிறம் பூசு, இதை இங்க வை அப்படின்னு. பிரவுசர் அந்தக் குறிப்பைப் படிச்சு, அதும்படி வரையும். ஆனா...”

“ஆனா?”

“வரையறது பிரவுசர். வேண்டாம்னு அது முடிவு பண்ணா பேஜால ஒண்ணும் பண்ண முடியாது. கடைசி வார்த்தை பிரவுசரோடது.”

“பிரவுசர் யாரோடது?”

பதிலுக்குக் காத்திராமல் ட்யூட்டி அக்கா ஏற்கெனவே மெனுவில் இறங்கிவிட்டாள். திருத்து, விருப்பங்கள், நிறங்கள். அங்கே மறைக்காமல், ஒளிக்காமல், முழு வாக்கியமாக இருந்தது: ‘பக்கம் சொல்லும் நிறங்களுக்குப் பதிலாக என் நிறங்களைப் பயன்படுத்து.’ பக்கத்தில் மூன்று தேர்வுகள். ஒருபோதும் வேண்டாம். சில சமயம். எப்போதும்.

எழுத்துக்குக் கறுப்பு. பின்னணிக்குக் காய்ந்த களிமண் நிறம், கண்ணை உறுத்தாதது. அப்புறம், ‘எப்போதும்’.

பக்கம் ஒரு தடவை இமைத்தது.

கோடுகள்! ஒவ்வொரு கட்டத்தைச் சுற்றியும் கறுப்பாக, மெல்லியதாக, வரப்பு மாதிரி கோடுகள். அவை புதிதாக வந்தவை அல்ல. முதல் நாளிலிருந்தே அங்கேதான் இருந்திருக்கின்றன, வெள்ளையை விட ஒரு துளி மங்கலாக. இப்போது பிரவுசர் எல்லாவற்றையும் அவள் சொன்ன கறுப்பில் வரைந்துவிட்டது.

ஐம்பத்தெட்டு வண்டிகளும் வரிசையாக நின்றன. எழுத்தைப் பெரிதாக்காமலே ஏழு கட்டங்களும் தெரிந்தன.

“அப்படிப் போடு!” என்றார் லிஃப்ட்காரர்.

“எல்லா எழுத்துமேவா கறுப்பாயிடும்?” என்று கேட்டாள் மருமகள். “பக்கத்தோட அடி வரைக்குமா?”

“எப்போதும்னா எப்போதும்தானே?”

மருமகள் கடிகாரத்தைப் பார்த்தாள். இன்றைக்குச் சீக்கிரம் போக வேண்டும் என்றாள். காப்பி பாதிக் கப்பில் ஆறிக் கிடந்தது. மாமியாரின் தோளை ஒரு தடவை அழுத்திவிட்டு, கழுத்தில் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

“ஜெயிச்சுட்டு வாங்க அத்தை” என்றது வாசலிலிருந்து குரல். அதில் பொய் இல்லை. ஆனால் வேறு ஏதோ இருந்தது.

* * *

ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கழன்று விழும். லிஃப்ட்காரர் அடிக்கடி சொல்வது அது.

அட்டவணையின் மேல் மூலையில் மூன்று பொத்தான்கள் இருந்தன. சேமி, அழி, அச்சிடு. மூன்றும் சொற்கள் இல்லாத படங்கள்; இடத்தை வைத்து இல்லை, படத்தைப் பார்த்தே அமுக்கிப் பழகியவள் அவள். பின்னணியில் ஒட்டிய படங்கள் என்பதால், பின்னணியை மாற்றியதும் அவையும் போய்விட்டன. இப்போது மூன்று வெறும் கட்டங்கள், ஒரே மாதிரி.

“எது சேமி, எது அழி?” என்றாள். மாலை நாலு ஐம்பத்தைந்துக்கு முழு அட்டவணையையும் அழித்துவிட்டு நிற்கிற காட்சி கண்முன் வந்தது.

கணவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“நான் ஒண்ணு சொன்னா கோவப்படக் கூடாது.”

“படுவேன். சொல்லுங்க.”

“அந்த ரூமுக்குத்தான் போயேன். சம்பளம் குறையாது. கண்ணுக்கு ரெஸ்ட். குடையை எண்ணி வெச்சா போதும். எதுக்கு இந்தப் போராட்டம்?”

“உங்களுக்கு முட்டி வலிக்குதுல்ல? லிஃப்ட் குழிக்குள்ள இறங்க வேண்டாம், வாசல்ல நின்னு சலாம் போடுங்கன்னு சொன்னா போவீங்களா?”

“அது வேற.”

“எப்படி வேற?”

அவர் முட்டியைத் தடவிக்கொண்டார்.

“எனக்குக் கண்ணு போகலங்க” என்றாள். குரல் உயரவில்லை. “யாருக்கு எத்தனை மணி நேரம் ஓய்வு வேணும், எவன் மலைப்பாதையில தூங்கி வழிவான், எந்தக் கண்டக்டரை யாரோட போடக் கூடாது, எல்லாம் இங்க இருக்கு.” நெற்றியைத் தட்டினாள். “நான் ஒண்ணும் தொலைஞ்ச பொருள் இல்ல.”

லிஃப்ட்காரர் தலையைச் சொறிந்தார். பிறகு லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினார்.

“நம்பர் தேய்ஞ்சுபோன லிஃப்ட்ல நான் என்ன பண்ணுவேன் தெரியுமா? அமுக்க மாட்டேன். முதல்ல ஒயரைப் புடிச்சுக்கிட்டே போவேன், அது எங்க போய் முடியுதுன்னு. இதுல ஒயர் எது?”

அவளுக்குப் பளிச்சென்றது. கீழ்ப்பட்டை!

அம்பை முதல் கட்டத்தின் மேல் வைத்தாள், அமுக்காமல். பிரவுசரின் அடியில் நீளமாக ஒரு முகவரி வந்தது. அதன் வால் ஆங்கிலத்தில் ‘அழி’ என்று முடிந்தது. இரண்டாவது அச்சிடு. மூன்றாவதில் சேமி. பொத்தான் ஊமையாக இருந்தாலும் ஒயர் பேசியது.

“மூணாவது” என்றாள். விசைப்பலகையில் தாவல் விசையை அமுக்கிப் பார்த்தாள். புள்ளிக் கோடு ஒன்று கட்டத்துக்குக் கட்டம் தாவியது. ஒன்று, இரண்டு, மூன்று. கண்ணை மூடிக்கொண்டும் போகலாம்.

பிரவுசரைப் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டாள். ஃப்ரிட்ஜ் கதவிலிருந்து கடிதத்தை எடுத்து மடித்துக் கைப்பையில் வைத்தாள்.

“அது எதுக்கு?” என்றார்.

“அதுல ஒரு வரி இருக்கு. எழுதினவரே மறந்திருப்பாரு.”

* * *

“வெளி சாஃப்ட்வேர் ஏத்தக் கூடாதும்மா” என்றார் டிப்போவின் சிஸ்டம்காரர். நல்ல மனிதர், ஆனால் விதியைக் கட்டிக்கொண்டு தூங்குகிறவர். “மேனேஜர் சொல்லணும்.”

மேனேஜர் வந்தார். கையில் கடிகாரம், கண்ணில் முன்பே எழுதி வைத்த தீர்ப்பு.

“சாதனம்னு போட்டது கண்ணாடி, பூதக்கண்ணாடி மாதிரி எதுக்காவதுதான்” என்றார்.

“அப்படிப் போடலையே சார். ‘எந்தச் சாதனத்தையும்’னு போட்டிருக்கு.” கடிதத்தை விரித்து மேஜையில் வைத்தாள். “கையெழுத்து உங்களுது.”

கதவோரம் நின்ற ஓட்டுநர் ஒருவர் இருமலுக்குள் சிரிப்பை மறைத்தார். குரல் காரணமாக டிப்போ முழுக்க அவரை ‘ஹாரன்’ என்றுதான் கூப்பிடுவார்கள். போன செவ்வாய் சாவிக்குச் சண்டை போட்டவர்களில் ஒருவர்.

மேனேஜர் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். தன் எழுத்தையே எதிர்த்து வாதாடுவது யாருக்கும் சுலபமில்லை.

“சரி, ஸ்கேன் பண்ணிட்டு ஏத்துங்க. மணி மூணு. அஞ்சுக்கு ஒரு நிமிஷம் தாண்டக் கூடாது.”

“தாண்டாது சார்.”

களிமண் நிறத்தில் ஐம்பத்தெட்டு வரிகள் விரிந்தன. அவள் மேலிருந்து இறங்கினாள். ட்யூட்டி போடுவது பெயர்களை நிரப்புவது இல்லை. இன்று கடைசியாக இறங்குகிறவர் நாளை முதலில் ஏறக் கூடாது. இடையில் ஒன்பது மணி நேர ஓய்வு கட்டாயம். ஒருவரை நகர்த்தினால் நாலு பேர் நகர்வார்கள். மூன்றேமுக்காலுக்கு ஒருவர் காய்ச்சல் என்று போன் செய்தார். நாலு பத்துக்கு இன்னொருவர், மனைவிக்கு வலி எடுத்துவிட்டது என்று. அவள் உதட்டை மட்டும் அசைத்து, எட்டுப் பேரை இடம் மாற்றி, இரண்டு ஓட்டைகளையும் அடைத்தாள்.

நாலு முப்பத்தெட்டு. ஐம்பத்தெட்டு வரிகளும் நிரம்பிவிட்டன.

அப்போதுதான் அவள் அதைப் பார்த்தாள்.

முதல் வரிக்கு அடியில், எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு சின்ன வாக்கியம். இதற்கு முன் அவள் பார்த்ததே இல்லை. ‘ஓய்வு 7 மணி 10 நிமிடம். குறைந்தபட்சம் 9 மணி தேவை.’

முதல் வரி, அதே நாலு ஐம்பது வண்டி. பெயர் ஹாரனுடையது. அதைப் போட்டது அவள் இல்லை. மதியம் மேனேஜரே முதல் மூன்று வரிகளை நிரப்பி, இதைத் தொட வேண்டாம், அவசர மாற்றம் என்று சொல்லியிருந்தார்.

“சார், முதல் வண்டியை மாத்தணும்.”

“அதைத் தொட வேண்டாம்னு சொன்னேனே?”

“ஹாரன் இன்னிக்கு ஒன்பது நாப்பதுக்குத்தான் இறங்குறாரு. காலைல நாலு அம்பதுக்கு ஏத்துனா அவரு தூங்குறது எப்ப?”

“ஸ்டியரிங் மேலதான்!” என்றார் ஹாரன். அவர் மெதுவாகச் சொன்னது பணிமனை வரைக்கும் கேட்டது.

“பேஜே சொல்லுது சார். வரிக்குக் கீழ பாருங்க.”

மேனேஜர் தன் மேஜைக்குப் போய்த் தன் திரையைப் பார்த்தார். வெள்ளையாக இருந்தது. மூக்கு திரையில் இடிக்கிற அளவுக்குக் குனிந்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி குனிந்தார்.

“ஏதோ... லேசா ஒரு எழுத்து மாதிரி...”

“எழுத்துதான் சார்.”

“இது எப்ப வந்துச்சு?”

“மூணு மாசமா இருக்கு போலிருக்கு. பாலுக்குள்ள கொக்கு. எனக்கு மட்டும்தான் தெரியலைன்னு நெனைச்சேன்.”

சிஸ்டம்காரர் எழுந்து வந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.

அவள் முதல் மூன்று வரிகளையும் பிரித்து, ஹாரனை மதிய வண்டிக்குத் தள்ளி, காலை வண்டிக்கு ஓய்வில் இருந்த ஆளைப் போட்டாள். எறும்பு வரி மறைந்தது. மணி நாலு ஐம்பத்து மூன்று. தாவல் விசை. ஒன்று, இரண்டு, மூன்று. கீழ்ப்பட்டையைப் பார்த்தாள். வாலில் ‘சேமி’. அமுக்கினாள்.

‘சேமிக்கப்பட்டது’ என்று கறுப்பில் வந்தது.

எழுந்திருப்பாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவள் எழுந்திருக்கவில்லை. தேதியைப் பின்னால் தள்ளி, போன செவ்வாயின் அட்டவணையைத் திறந்தாள்.

முதல் வரி, நாலு ஐம்பது. பெயர்க் கட்டம் காலி. அதன் அடியில், சின்னதாக, தெளிவாக: ‘இந்த வண்டிக்கு ஓட்டுநர் ஒதுக்கப்படவில்லை.’

பக்கம் சொல்லித்தான் இருக்கிறது. கிசுகிசுத்திருக்கிறது. அடியில் ‘சரிபார்த்து ஒப்புதல் அளித்தவர்’ என்று மேனேஜரின் பதவி.

“தப்பு பண்ணினது நான்தான் சார்” என்றாள். “அதுல ரெண்டு பேச்சு இல்ல. ஆனா இந்த வரியைப் பாக்காம விட்டது ரெண்டு பேரு. ஒருத்தருக்குக் கண்ணு சரியில்ல. இன்னொருத்தருக்குக் கண்ணு நல்லாவே இருக்கு.”

மேனேஜரின் முகம் போன போக்கைப் பார்க்க ஹாரன் இரண்டு அடி முன்னால் வந்தார்.

“அந்தத் தொலைஞ்ச பொருள் ரூம்ல” என்று கேட்டாள் ட்யூட்டி அக்கா, மிக மரியாதையாக, “ரெண்டு நாற்காலி போட இடம் இருக்கா சார்?”

முதலில் சிரித்தது சிஸ்டம்காரர். அப்புறம் அடக்க முடியவில்லை, மேனேஜராலேயே. சிரித்து முடித்ததும் கடிதத்தை மேஜையிலிருந்து எடுத்தார், கிழிக்கவில்லை. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“தலைமை அலுவலகத்துக்கு நகல் போயிடுச்சும்மா. இதை நான் மட்டும் முடிவு பண்ண முடியாது. ஆனா ஒண்ணு பண்றேன். இந்தப் பேஜைப் போட்டுக் குடுத்தவங்க நாளைக்குப் பத்து மணிக்கு வர்றாங்க, அடுத்த கட்ட வேலைக்கு. நீங்க எதிர்ல உக்காருங்க. என்ன சொல்லணுமோ நேரா சொல்லுங்க.”

“சொல்றேன் சார். யாரு அவங்க?”

“பேர் வாயில நிக்கல. பேஜுக்கு அடியிலயே இருக்கும் பாருங்க.”

அவள் பக்கத்தை அடி வரைக்கும் இறக்கினாள். மூன்று மாதமாக வெறும் வெள்ளையாக இருந்த இடத்தில் இப்போது ஒரு வரி கறுப்பாக நின்றது.

‘திரை வடிவமைப்பு’ என்று தொடங்கியது. அதற்கு அடுத்து ஒரு கம்பெனியின் பெயர். அவள் அதைத் தினமும் பார்க்கிறாள். வீட்டில், சாவி மாட்டுகிற கொக்கியில், நீல நாடாவில் தொங்குகிற அடையாள அட்டையில்.

வேகமாக இறங்கிய காப்பிக் கப். காத்தோட்டம். அடி வரைக்குமா என்ற கேள்வி. முதுகுக்குப் பின்னால் ஒருவர் வந்து நிற்பது போல எல்லாம் ஒன்றாக வந்து நின்றன.

கைப்பையில் போன் அதிர்ந்தது. மருமகள்.

‘அத்தை, எப்படிப் போச்சு?’

ட்யூட்டி அக்கா அந்த மூன்று சொற்களை நெடுநேரம் பார்த்தாள். கோபம் வந்தது. கோபத்துக்குப் பின்னால், காலையில் தோளை அழுத்திய கையும் வந்தது. இரண்டில் எதற்கும் அவள் வழிவிடவில்லை. நிதானமாகத் தட்டினாள்.

‘நாளைக்குப் பத்து மணிக்கு நேர்ல சொல்றேன். வரும்போது கோடு போட்டு எடுத்துட்டு வா.’

அனுப்பிவிட்டுக் காத்திருந்தாள். எதிர்முனையில் யாராவது எழுதத் தொடங்கினால், அந்தச் சின்னத் திரையின் மேல் ஓரத்தில் ‘எழுதுகிறார்’ என்று ஒரு சொல் வரும். வந்ததா, வந்து நின்றுவிட்டதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

அது வெளிர் சாம்பலில் வருகிற சொல்.